கும்பகோணம் பழைய ஊரைச் சுற்றிப் பார்ப்பது எப்படி: படித்துறையில் தொடங்கி பாத்திரக்கடையில் முடிக்கும் முழுமையான வழிகாட்டி

கும்பகோணத்துக்கு வருகிறவர்கள் செய்யும் தவறு பெரும்பாலும் ஒன்றுதான். வந்து இறங்கியதும் கடைத்தெருவுக்குப் போய் விளக்கு வாங்கிவிடுகிறார்கள். மறுநாள் நாச்சியார்கோயில் பட்டறையில் விளக்கு எப்படிச் செய்கிறார்கள் என்று பார்த்த பிறகு, பையில் இருக்கும் விளக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்து முகம் சுருங்குகிறார்கள். இந்த ஊரில் எதைப் பார்ப்பது என்பதைவிட எதற்குப் பிறகு எதைப் பார்ப்பது என்பதுதான் முக்கியம். முதலில் ஆறு, பிறகு பட்டறை, கடைசியில் கடை. இந்த வரிசையில் போனால் ஒன்றரை நாள் போதும்.

கோயில் தரிசனத்துக்கான வழிகாட்டி அல்ல இது. காவிரிக்கரைத் தெருக்கள், சாப்பாடு, உலோக வேலை, இந்த மூன்றுக்கு மட்டும்.

## 1. முதலில் நாளைக் குறியுங்கள்

ரயில் டிக்கெட் போடுவதற்கு முன் இதை முடிவு செய்யுங்கள். காவிரியில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். அணையில் போதுமான நீர் இல்லாத வருஷம் திறப்பு தள்ளிப்போகும். ஏப்ரல், மே மாதத்தில் வந்து படித்துறையில் நின்றால் மணலும் நாணலும்தான் கண்ணில் படும்.

சரி, ஐப்பசி, கார்த்திகையில் வரலாமா என்றால், தண்ணீர் இருக்கும், கூடவே மழையும் இருக்கும். சுவாமிமலைப் பட்டறைகளில் சிலை வார்க்கிற மண் அச்சு நிழலில் மெல்லக் காய வேண்டியது. காற்றில் ஈரம் இருந்தால் அது காயாது, வார்ப்பு நாளைத் தள்ளிப்போட்டுக்கொண்டே போவார்கள். அந்த மாதங்களில் பட்டறைக்குப் போனால் மெழுகு வேலையும் ராவு வேலையும் (வார்த்த சிலையை அரத்தால் தேய்த்துச் செதுக்குவது) பார்க்கலாம், வார்ப்புக்கு உத்தரவாதமில்லை.

என் கணக்கில் சரியான காலம் பொங்கல் முடிந்து ஒரு வாரம் கழித்து, ஜனவரி கடைசி வரை. மழை விட்டிருக்கும், ஆற்றில் தண்ணீர் இருக்கும், பட்டறைகள் பொங்கல் விடுமுறை முடிந்து முழு வேகத்தில் இருக்கும். பொங்கல் நாட்களில் மட்டும் வராதீர்கள். ஊர் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஒரு பட்டறையும் திறந்திருக்காது.

வாரத்தில் செவ்வாய், புதன் நல்லது. சனி, ஞாயிறு நவக்கிரகச் சுற்றுலா வேன்கள் ஊரை அடைத்துவிடும். வியாழக்கிழமை ஆலங்குடி குரு கோயிலுக்குப் போகிறவர்கள் இங்கேதான் அறை எடுப்பார்கள்.

காலண்டரில் இன்னும் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று அமாவாசை. பல பட்டறைகளில் அன்று அடுப்பு மூட்ட மாட்டார்கள். மற்றொன்று முகூர்த்த நாள். அன்று பாத்திரக்கடையிலும் பட்டுக் கடையிலும் சீர் வாங்க வந்த குடும்பங்கள் நிற்கும், உங்களுக்குப் பொறுமையாக எடுத்துக் காட்ட ஆள் இருக்காது.

மாசி மகத்தை ஒட்டி எந்த வருஷமும் கூட்டம்தான். 2016-க்குப் பிறகு அடுத்த மகாமகம் 2028-ல் வருகிறது. அந்த வருஷம் மாசி முழுக்க இந்த வழிகாட்டியை மடித்து வைத்துவிடுங்கள்.

## 2. கிளம்பும் முன் செய்ய வேண்டியவை

சுவாமிமலையில் சிலைப் பட்டறை வைத்திருக்கும் ஏதாவது ஒரு ஸ்தபதியிடம் ஒரு வாரம் முன்பே தொலைபேசியில் பேசுங்கள். "பட்டறை பார்க்க வரலாமா?" என்று மட்டும் கேட்டால் "தாராளமா வாங்க" என்பார்கள், அதோடு சரி. "ஐயா, அந்த வாரத்துல வார்ப்பு என்னிக்கு இருக்கு?" என்று கேளுங்கள். வார்ப்பு தினமும் நடக்கிற வேலை அல்ல. அச்சுகள் போதிய அளவு சேர்ந்து, காய்ந்த பிறகுதான் உலோகம் உருக்குவார்கள். அவர் சொல்லும் நாளை ஒட்டி மற்றதை அமைத்துக்கொள்ளுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். ஒரு சின்னக் காந்தம், ஒரு வெள்ளைத் தாள், அளவு நாடா, தண்ணீர் பாட்டில், நல்ல துணிப்பை. காந்தமும் தாளும் எதற்கு என்பது கடைத்தெருப் பகுதியில் வரும். பருத்தித் துணி உடுத்துங்கள். பட்டறையில் நைலான், பாலியஸ்டர் வேண்டாம், நெருப்புப் பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டும்.

வீட்டில் விளக்கு வைக்கப்போகும் இடத்தின் உயரத்தை அளந்து குறித்துக்கொண்டு வாருங்கள். கடையில் எல்லா விளக்கும் சின்னதாகத்தான் தெரியும். வீட்டுக்கு வந்த பிறகுதான் பூஜை அலமாரிக் கதவு மூடவில்லை என்று தெரியும்.

## 3. ஊரின் திசையை மனதில் ஏற்றுங்கள்

எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு கோபுரம் தெரிவதால் புதியவர்கள் குழம்பிப்போவார்கள். இப்படி நினைவு வையுங்கள். வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு. நடுவில் ஊர்.

காவிரிப் பக்கம் சக்கரபாணி கோயில். அதற்கு நேர் தெற்கே ராமசாமி கோயில். இரண்டையும் இணைத்து ஓடுவது கடைத்தெரு. இதுதான் உங்கள் முதுகெலும்பு. பதினோரு நிலைக் கோபுரம் தெரிந்தால் அது சாரங்கபாணி. அதன் மேற்கு வாசலுக்கு அப்பால் பொற்றாமரைக் குளம், குளத்தைத் தாண்டினால் கும்பேஸ்வரர் கோயில். ரயில் நிலையமும் மகாமகக் குளமும் இதற்கெல்லாம் கிழக்கே, தென்கிழக்கே.

அறையை மகாமகக் குளத்துக்கும் கும்பேஸ்வரர் கோயிலுக்கும் இடையில் எடுங்கள். காரில் வந்தால் வண்டியை விடுதியிலேயே விட்டுவிடுங்கள். பழைய தெருக்களில் ஒரு காரும் ஒரு சரக்கு ஆட்டோவும் எதிரெதிரே வந்தால் இரண்டில் ஒன்று கால் மணி நேரம் பின்னால் போக வேண்டியிருக்கும். ஊருக்குள் எல்லாம் நடக்கிற தூரம்தான். சுவாமிமலைக்கும் நாச்சியார்கோயிலுக்கும் டவுன் பஸ் அடிக்கடி உண்டு.

## 4. விடிந்ததும் காபி, உடனே படித்துறை

காபிக்கு ஆறு மணிக்குப் போங்கள். அந்த நேரத்தில் பில்டரில் இறங்கியிருப்பது முதல் டிகாஷன். எட்டரைக்குப் போனால் அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கியதைக் கலந்திருக்க வாய்ப்புண்டு. கறந்த பாலும் காலையில்தான் புதிது. சொல்லும்போது "ஸ்ட்ராங்கா, சர்க்கரை கம்மியா" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சொல்லாவிட்டால் சர்க்கரை தாராளமாக விழும். நெடுஞ்சாலை நெடுக 'கும்பகோணம் டிகிரி காபி' போர்டு பார்த்துப் பார்த்து வந்தவர்களுக்கு ஒரு வார்த்தை: பித்தளை டபரா இருப்பதால் மட்டும் காபி நன்றாக இருந்துவிடாது. இந்த ஊரிலும் அப்படித்தான். உள்ளூர்க்காரர்கள் வாசலில் நின்றுகொண்டே குடித்துவிட்டுப் போகும் கடையைத் தேர்ந்தெடுங்கள்.

காபி முடிந்ததும் நேராக வடக்கே நடங்கள். சக்கரபாணி கோயிலைத் தாண்டினால் சக்கரப் படித்துறை. கரையிலேயே பகவத் படித்துறையும் உண்டு. ஏழு மணிக்குள் போனால் குளிக்கிறவர்கள், துணி துவைக்கிறவர்கள், குடம் கழுவுகிறவர்கள் என்று படித்துறை பயன்பாட்டில் இருப்பதைப் பார்க்கலாம். வெயில் ஏறிவிட்டால் வெறும் கற்படிதான்.

இங்கே இரண்டு எச்சரிக்கை.

படித்துறைகளில் ஈமக் காரியங்களும் தர்ப்பணமும் நடக்கும். வேட்டி ஈரமாக, எள்ளும் பிண்டமுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பத்தின் பக்கம் கேமராவைத் திருப்பாதீர்கள். "நல்ல போட்டோ" என்று நினைத்து இளைஞர்கள் செய்வதில் இதைவிட மோசமானது இல்லை.

அடுத்து, கடைசியாகத் தண்ணீருக்கு வெளியே தெரியும் படிக்குக் கீழே இறங்க வேண்டாம். நீருக்குள் இருக்கும் படிகளில் பாசி. அதைத் தாண்டினால் மணல் எடுத்த பள்ளம் எங்கே இருக்கிறது என்று மேலிருந்து தெரியாது. மேட்டூரில் தண்ணீர் கூட்டி விட்டிருந்தால் அமைதியாகத் தெரியும் ஓட்டத்தில்கூட இழுப்பு இருக்கும். உள்ளூர்க்காரர் இறங்குகிறாரே என்று பின்னால் இறங்காதீர்கள். அவர் சிறுவயதிலிருந்து அதே படியில் குளிப்பவராக இருப்பார்.

## 5. டிபன்: எதைக் கேட்பது, எதை எதிர்பார்க்கக் கூடாது

ஏழரைக்கு டிபன். வெளியூர்க்காரர்கள் உட்கார்ந்ததும் கேட்பது கும்பகோணம் கடப்பா. பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் வேகவைத்து, தேங்காய், கசகசா, சோம்பு அரைத்து விட்டுச் செய்யும் தொட்டுக்கை அது. இட்லிக்கு அதைப்போல் ஜோடி இல்லை. ஆனால் எல்லாக் கடையிலும் எல்லா நாளும் போடமாட்டார்கள். வாரத்தில் ஒரு நாள் மட்டும், அதுவும் மாலையில் மட்டும் போடுகிற கடைகள் உண்டு. உட்காரும் முன்பே "கடப்பா என்னிக்குப் போடுவீங்க?" என்று கேட்டு வைத்துக்கொண்டால் அடுத்த வேளைக்காவது பிடிக்கலாம்.

இல்லையென்றால் இட்லி, பொங்கல், வடை போதும். வயிறு முட்டச் சாப்பிடாதீர்கள். அடுத்து நிற்கப்போவது உலைக்குப் பக்கத்தில்.

## 6. சுவாமிமலை: பட்டறையில் அரை நாள்

கும்பகோணத்திலிருந்து மேற்கே ஆறேழு கிலோமீட்டர். ஒன்பதரைக்கு அங்கே இருக்கும்படி கிளம்புங்கள். வேலை அப்போதுதான் சூடுபிடிக்கும். பஸ்ஸில் போவது நல்லது. வாடகைக் காரில் போனால் "நல்ல இடம் காட்டறேன் சார்" என்று டிரைவர் குளிர்சாதன வசதியுள்ள ஷோரூம் வாசலில் நிறுத்துவார். அவருக்கு அங்கே கமிஷன். உங்களுக்குப் பளபளக்கும் சிலைகள் தெரியும், வேலை தெரியாது. இறங்கி, தெருவில் யாரிடமாவது "அண்ணே, வார்ப்புப் பட்டறை எந்தப் பக்கம்?" என்று கேட்டு நடங்கள். வாசலில் மண் குவியலும், உள்ளே அரம் தேய்க்கும் சத்தமும் இருந்தால் சரியான இடம்.

பட்டறைக்குள் வேலை நடக்கும் வரிசையிலேயே பாருங்கள். நடுவில் புகுந்தால் எதற்கு எது என்று விளங்காது. பலர் நேராக உலைப் பக்கம் போய் நின்றுவிட்டு, உருகிய உலோகத்தைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். இந்தத் தொழிலின் பெரும்பகுதி அதற்கு முன்னாலும் பின்னாலும் இருக்கிறது.

ஓலை. முதலில் அளவு. சிலையின் உயரத்துக்கு ஒரு தென்னை ஓலையை நறுக்கி, அதைச் சம பங்குகளாக மடித்துக் கோடு போட்டுக்கொள்வார் ஸ்தபதி. முகம் இத்தனை பங்கு, மார்பு இத்தனை, தொடை இத்தனை என்பது தாலக் கணக்கு. டேப் வைத்து அளப்பதில்லை, ஏனென்றால் இங்கே வேண்டியது விகிதம். அந்த ஓலையைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் சந்தோஷமாகக் காட்டுவார்கள், கேட்காவிட்டால் குப்பை என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவீர்கள்.

மெழுகு. தேன்மெழுகு, குங்கிலியம், கடலை எண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. சூட்டில் இளகும், தண்ணீரில் போட்டால் இறுகும். பக்கத்தில் கனலும் ஒரு பாத்திரம் தண்ணீரும் இருப்பது அதனால்தான். கை, கால், தலை தனித்தனியாகச் செய்து, சூடேற்றிய கம்பியால் ஒட்டவைப்பார்கள். மெழுகில் இருக்கும் விரல்நகம்தான் நாளை உலோகத்தில் இருக்கும். முடிந்த மெழுகு உருவத்தை எடை போடுவதைப் பார்த்தால் கவனியுங்கள். அந்த எடையைப்போல் ஏறக்குறைய எட்டு முதல் பத்து மடங்கு உலோகம் தேவைப்படும். மெழுகு வெளியேறிய இடத்தை உலோகம் நிரப்ப வேண்டுமே, குறைந்தால் சிலை பாதியில் நின்றுவிடும்.

மண். முதல் பூச்சு காவிரி வண்டல் மண். மாவு போல் நைசாக இருப்பதால் மெழுகின் நெளிவு சுளிவு எல்லாவற்றிலும் புகும். அது நிழலில் காய்ந்த பிறகு களிமண்ணும் மணலும் கலந்த கனத்த பூச்சுகள், பெரிய சிலை என்றால் இரும்புக் கம்பிக் கட்டும் வரும். வெயிலில் வைத்தால் சீக்கிரம் காயுமே என்று தோன்றும். வெயிலில் மெழுகு இளகி உருவம் கோணிவிடும், மண் வெடித்துவிடும். தரையில் வரிசையாகக் கிடக்கும் மண் உருண்டைகளை எந்தக் காரணத்துக்காகவும் தொடாதீர்கள், தாண்டாதீர்கள். ஒவ்வொன்றுக்குள்ளும் பல நாள் வேலை இருக்கிறது.

வார்ப்பு. அச்சைச் சூடேற்றி மெழுகை உருக்கி வெளியே எடுக்கவே பல மணி நேரம் ஆகும். "பத்து மணிக்கு வார்ப்பு" என்று சொன்னால் அது பன்னிரண்டுக்கும் போகலாம், பொறுமையாக இருங்கள். உலோகம் ஊற்றுவது மட்டும் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். நூலாக, நிறுத்தாமல் ஊற்றுவார்கள். நடுவில் நிறுத்தினால் காற்று புகுந்து சிலையில் ஓட்டை விழும். அந்த நேரம் யாரும் பேசமாட்டார்கள், நீங்களும் பேசாதீர்கள். தண்ணீர் பாட்டில், ஈரக் குடை, இளநீர் எதுவும் அந்த இடத்துக்கு அருகே வேண்டாம். ஒரு கரண்டித் தண்ணீர் உருகிய உலோகத்தில் பட்டாலும் ஆவியாகி வெடித்துச் சிதறும். பிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் கூடாது. ஊற்றுகிறவரின் கண் கூசினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ராவு வேலை. அச்சை உடைத்ததும் வருவது கருத்த, சொரசொரப்பான உருவம். அரமும் உளியும் வைத்து அதைத் தேய்த்துச் செதுக்குவதில்தான் அதிக நாள் போகிறது. விலையில் பெரும் பங்கும் இதற்குத்தான். பாதி முடிந்த சிலையையும் முடிந்த சிலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நகையின் கோடுகள், விரல் இடுக்கு, முதுகுப்புறம் என்று எங்கெல்லாம் உளி போயிருக்கிறது என்பது தெரியும். இதை ஒருமுறை கண்ணில் வாங்கிக்கொண்டால் எந்தக் கடையிலும் உங்களை ஏமாற்றுவது கஷ்டம்.

சிலை வாங்குவதாக இருந்தால் மூன்று விஷயம். அச்சு ஒவ்வொரு முறையும் உடைபடுவதால், இந்த முறையில் செய்த இரண்டு சிலை மயிரிழை வித்தியாசம்கூட இல்லாமல் இருக்காது. ஒன்று போலவே ஐந்து வரிசையாக நின்றால் அது வேறு முறையில் செய்தது, விலையும் அதற்குத் தகுந்தபடி இருக்க வேண்டும். "ஐம்பொன்" என்று சொன்னால் தங்கம், வெள்ளி எவ்வளவு சேர்த்தார்கள் என்று கேளுங்கள். மிகச் சொற்பமாகத்தான் சேர்ப்பார்கள், அதை நேர்மையாகச் சொல்லும் இடத்தில் வாங்குங்கள். வெளிநாட்டில் இருப்பவர்களுக்கு: புதுச் சிலையாக இருந்தாலும் எடுத்துப் போகும்போது பழம்பொருள் அல்ல என்று இந்தியத் தொல்லியல் துறை தரும் சான்றிதழ் தேவைப்படும். அதற்குச் சில நாள் ஆகும். விமானத்துக்கு முதல் நாள் வாங்கிவிட்டுச் சுங்கத்தில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

பட்டறையில் நிற்க விட்டதற்குக் காசு கேட்கமாட்டார்கள். வேலை செய்பவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தால் தப்பில்லை.

## 7. மதியம்

பன்னிரண்டரை வாக்கில் கோயில்கள் நடை சாத்தினால் நாலு, நாலரைக்குத்தான் திறப்பார்கள். இந்த இடைவெளியில் தெருவில் அலைந்து வெயிலில் வாடுவது பலரும் செய்வது. ஊருக்குத் திரும்பி இலைச் சாப்பாடு சாப்பிட்டு ஒரு மணி நேரம் படுங்கள். படுக்கப் பிடிக்காதவர்கள் சாரங்கபாணி சன்னதித் தெருவில் இருக்கும் கணித மேதை ராமானுஜன் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம். சின்ன ஓட்டு வீடு, அரை மணி போதும்.

## 8. நாச்சியார்கோயில்: விளக்குப் பட்டறை

மூன்று மணிக்குக் கிளம்புங்கள். தென்கிழக்கே சுமார் 10 கிலோமீட்டர். சுவாமிமலைக்குப் பிறகு இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. அங்கே ஒரு அச்சு ஒரு சிலையோடு சரி. இங்கே மண் பெட்டியில் அச்சுப் பதித்து ஒரே அளவில் பல வார்க்கிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் விலை ஏன் அவ்வளவு மாறுகிறது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

குத்துவிளக்கு ஒரே துண்டு அல்ல. அடிப்பாகம், தண்டு, எண்ணெய்த் தட்டு, மேலே அன்னம் என்று தனித்தனியாக வார்த்து, கடைசல் பிடித்து, மரை போட்டுத் திருகுவார்கள். ஒரு பத்தரிடம் விளக்கைக் கழற்றி மறுபடி மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். மரை எவ்வளவு ஆழம், எத்தனை சுற்று என்று பாருங்கள். இரண்டு சுற்றில் இறுகிவிடும் விளக்கு ஒரு வருஷத்தில் ஆட ஆரம்பிக்கும்.

மெருகு போடாத விளக்கு ஒன்றையும் கேட்டுப் பாருங்கள். வார்ப்பில் விழுந்த சின்னச் சின்னத் துளைகள் அதில் தெரியும். மெருகு போட்ட பிறகு அதே துளைகளைக் கண்டுபிடிக்க எங்கே தேட வேண்டும் என்பது அப்போது புரியும்: தட்டின் அடிப்புறம், தண்டின் வளையங்களுக்கு இடையே.

இங்கேயே வாங்கலாமா? பெரிய விளக்கு, அடுக்கு விளக்கு என்றால் இங்கேயே ஆர்டர் கொடுப்பது நல்லது. சின்ன விளக்கும் மற்றப் பாத்திரமும் என்றால் காத்திருங்கள், நாளைக்குக் கும்பகோணத்தில் தேர்வு அதிகம்.

## 9. மறுநாள் காலை: கடைத்தெரு

பத்து மணிக்கு மேல் போங்கள். அதற்கு முன் பூட்டைத் திறந்து தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். முதல் போணி நேரத்தில் பேரம் பேசிவிட்டு வாங்காமல் எழுந்தால் கடைக்காரர் மனம் சுணங்கும்.

கும்பேஸ்வரர் கோயில் கிழக்கு வாசலில் இருந்து உள்ளே போகும் நீண்ட மண்டபத்தின் இரு பக்கமும் கடைகள். அங்கே சின்னச் சாமான்கள். பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியும் கடைத்தெருவிலும் பெரிய பாத்திரக்கடைகள். மூன்று கடையில் விலை கேட்டுவிட்டு நாலாவதில் வாங்குங்கள். பித்தளைக்குக் கிலோ விலையும் செய்கூலியும் சேர்ந்துதான் விலை. "இது எவ்வளவு?" என்று கேட்காமல் "கிலோ என்ன விலை, எடை என்ன?" என்று கேட்டால் கணக்கு உங்கள் கைக்கு வந்துவிடும்.

இனி சோதனைகள்.

காந்தம். பித்தளையிலும் வெண்கலத்திலும் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு. தண்டுக்குள் இரும்புக் கம்பி விட்டிருப்பதும் இதில் மாட்டும்.

தரை. விளக்கைக் கடையின் கல் தரையில் வைத்து மெல்லத் தட்டுங்கள். ஆடினால் வேண்டாம். மேஜை விரிப்பின் மேல் வைத்துக் காட்டினால் தரைக்கு இறக்கச் சொல்லுங்கள்.

தண்ணீர். எண்ணெய்த் தட்டில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிஷம் விட்டு, அடியில் விரல் வைத்துப் பாருங்கள். வார்ப்புத் துளை இருந்தால் ஈரம் தெரியும். கடைக்காரர் தயங்கினால் அதுவே பதில்.

அடிப்புறம். திருப்பிப் பாருங்கள். எதையாவது நிரப்பி எடை கூட்டியிருந்தால் தெரியும்.

பாத்திரங்களுக்கு வேறு கணக்கு. பித்தளைப் பாத்திரத்தில் சமைக்கப் போகிறீர்கள் என்றால் உள்ளே வெள்ளீயம் பூசியிருக்க வேண்டும். புளி, தக்காளி, மோர் எல்லாம் பூசாத பித்தளையில் களிம்பேறும். வெண்கலப் பானைக்கு அந்தப் பூச்சு வேண்டாம், ஆனால் அது கண்ணாடி ஜாதி. கீழே போட்டால் விரிசல் விடும், அடுப்பிலிருந்து இறக்கிப் பச்சைத் தண்ணீரை ஊற்றினாலும் அப்படியே. தட்டிப் பார்த்தால் மணி போல் நீளமாக ஒலிக்க வேண்டும். சத்தம் பாதியில் செத்துப்போனால் எங்கோ விரிசல்.

ரசத்துக்கான ஈயச்சொம்பு வாங்குகிறவர்கள் வெள்ளைத் தாளை எடுங்கள். சொம்பை அதில் அழுத்தித் தேய்த்தால் பென்சில் கோடு போல் அழுத்தமான சாம்பல் நிறம் விழுந்தால் காரீயம் கலந்தது. காரீயம் விஷம், வாங்கவே வாங்காதீர்கள். கொஞ்சமாகக் கலந்திருந்தால் தாளில் தெரியாமல் போகலாம், அதனால் சுத்த வெள்ளீயம் என்று பில்லில் எழுதித் தரும் கடையில் மட்டும் வாங்குங்கள். வீட்டுக்குப் போன பிறகு காலிச் சொம்பை அடுப்பில் வைக்கக் கூடாது. வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும். உள்ளே ரசம் இருக்கும்வரைதான் அது சொம்பு, வற்றிவிட்டால் அடுப்பில் வெள்ளிக் குட்டை. புளித்தண்ணீரை வேறு பாத்திரத்தில் கொதிக்கவிட்டு, கடைசியில் நுரை கட்டும் நேரம் மட்டும் ஈயச்சொம்பில் வைக்கிற வீடுகள் உண்டு. புதிதாக வாங்குகிறவர்களுக்கு அதுதான் பத்திரம்.

## 10. பட்டு வேண்டுமென்றால்

கிழக்கே ஏழெட்டு கிலோமீட்டரில் திருபுவனம். அங்கேயும் அதே விதிதான், தறியைப் பார்த்துவிட்டுக் கடைக்குப் போங்கள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தின் விற்பனை நிலையத்தில் முதலில் விலை பார்த்துக்கொண்டால் தனியார் கடையில் பேரத்துக்கு அளவுகோல் கிடைக்கும். விசிறி மடிப்பில் மடித்திருப்பார்கள். முழுக்கப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள், மடிப்பின் உள்ளேதான் இழை விட்டுப்போயிருக்கும். இதற்கு நேரமில்லையென்றால் விட்டுவிடுங்கள், அவசரமாக வாங்கும் பொருள் அல்ல.

## 11. கிளம்பும் வேளையில்: வெற்றிலை, சீவல், காபித்தூள்

இவை கடைசி. முன்னாலேயே வாங்கினால் வெற்றிலை வாடும், வறுத்தரைத்த தூளின் மணம் போகும்.

வெற்றிலையில் கொழுந்து கேளுங்கள். காம்பு ஒடித்தால் சட்டென்று ஒடிய வேண்டும், இலையின் நுனி கருத்திருக்கக் கூடாது. கவுளிக் கணக்கில், அதாவது எண்ணி அடுக்கிய கட்டாக விற்பார்கள். மேல் இலைகள் மட்டும் அழகாக இருக்கும், நடுவிலிருந்து ஒன்றை உருவிப் பாருங்கள். பிளாஸ்டிக் பையில் வேர்த்து அழுகிவிடும் என்பதால் வாழை இலையில் சுற்றி, ஈரத்துணி போட்டுக் கட்டச் சொல்லுங்கள்.

காபித்தூளுக்கு உங்கள் பில்டரைச் சொல்லி அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரி எத்தனை சதவீதம் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், பேசாமல் நின்றால் கடைக்காரர் கைப்பழக்கத்துக்குக் கலந்துவிடுவார்.

விளக்கைக் கழற்றி, ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகச் செய்தித்தாளில் சுற்றி, அன்னத்தை மட்டும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். அதன் கழுத்துதான் முதலில் வளையும்.